டிரில் மாஸ்டருக்கு ஒரு சைக்கிள் ஊர்வலம்

"நல்லதுக்குக் கூப்பிட்டாப் போ, கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போ" என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. சின்ன வயதிலிருந்து இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அடுத்தவருக்கு எடுத்தும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதன் முழு அர்த்தம் எனக்கு மண்டையில் ஏறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டலூர் முனையில், மொட்டைத் தலையோடு சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கூட்டம் சேர்க்க வராது. என் கல்யாணப் பந்தியிலேயே கடைசி வரிசை இலைகள் காலியாகத்தான் கிடந்தன. (சமையல்காரர் ஒருவர்தான் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தார்.) அப்பேர்ப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, சாலையை அடைத்துக்கொண்டு ஜனம் வரும்படி செய்திருக்கிறேன். என்ன, அத்தனை பேரும் நான் கூப்பிடாத ஒன்றுக்கு வந்தவர்கள்.

அப்போது நான் தாம்பரம் ஸ்டேஷனை ஒட்டி ஒருவருடைய சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை முறிந்துபோயிருந்தது. மீதிப் படிப்பெல்லாம் ஸ்டாண்டில்தான். காலையில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடி வருகிறவர்கள் சைக்கிளை என் மேல் தள்ளிவிட்டு பாதி வாக்கியம் சொல்லிவிட்டு ஓடுவார்கள். சாயங்காலம் திரும்பி வந்து மீதி வாக்கியத்தை முடிப்பார்கள். நடுவில் உள்ள நேரமெல்லாம் அந்தப் பாதி வாக்கியம் எப்படி முடியும் என்று யோசிப்பதுதான் எனக்கு வேலை. இன்றைக்கு நான் கொஞ்சம் பேசுகிறேன், கொஞ்சம் எழுதுகிறேன் என்றால் அந்தப் படிப்புதான்.

சேகர் மாமா என் அக்கா வசந்தாவின் வீட்டுக்காரர். கேளம்பாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வீடு கிழக்குத் தாம்பரத்தில். தினமும் வண்டலூர் வழியாக சைக்கிளிலேயே போய் சைக்கிளிலேயே திரும்புவார். பஸ்ஸில் போகக் கூடாதா என்று கேட்டால், "பஸ் ஊருக்குத்தான்டா போகும், சைக்கிள்தான் வீட்டுக்குப் போகும்" என்பார். அவ்வளவு தூரம் மிதித்து வந்த பிறகும் வாசலில் இறங்கி விசிலை ஓர் ஊது ஊதுவார். தெருவில் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அப்படியே நின்றுவிடும். ஒருநாள் தபால்காரரும் நின்றுவிட்டார்.

அக்காவுக்கு அவர் மேல் ஒரே ஒரு வழக்குதான் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவர் சட்டையில் மீன் வாடை அடிக்கும். ஆனால் மீன் வாங்கி வந்திருக்க மாட்டார். "மீனும் இல்ல, குழம்பும் இல்ல, வாடை மட்டும் எங்கேர்ந்து வருது?" என்று அக்கா மடக்குவாள். "கடல் காத்து வசந்தா, கேளம்பாக்கம் தாண்டினா கடல்தானே" என்பார் மாமா. அக்கா கடைசிவரை நம்பவில்லை.

அந்தப் பெரிய மழை பெய்த வருஷம், எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றுகொண்டிருந்தபோது மாமா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ரயில் இல்லை, பஸ் இல்லை, டெலிபோன் ஊமையாகிவிட்டது. பந்தல் போட வழியில்லை. அக்கம்பக்கத்தார் சிலரும் நானும் என் சிநேகிதன் டில்லியும் சேர்ந்து ஒரு டிராக்டரில் அவரைக் கொண்டு போனோம். மேளம் இல்லை, ஊர்வலம் இல்லை. போட்ட ஒரு மாலையும் மழையில் பிய்ந்து நாராகிவிட்டது. அக்கா அன்றைக்கு அழுததைவிட வாசலைப் பார்த்ததுதான் அதிகம்.

"எத்தனை பிள்ளைங்கள ஓட வச்ச மனுஷன் பாபு. அவருக்குன்னு ஓடி வர ஒரு ஆள் இல்லாம போச்சே."

காப்பி ஆற்றும்போது, துணி காயப்போடும்போது, ஒரு வருஷமாக அவள் இதையேதான் சொன்னாள். மழை, தண்ணீர், ரயில் ஓடவில்லை என்று எத்தனை சமாதானம் சொன்னாலும், "ஆமாமா" என்று தலையாட்டிவிட்டு மறுநாள் அதே இடத்திலிருந்து ஆரம்பிப்பாள்.

அந்த ஆதங்கத்தை நான் ஒழித்துக்கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். (வேண்டாத வேலை என்று யாராவது ஒருவர் அன்றைக்கு என்னைத் தடுத்திருக்கலாம். தடுத்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.)

ஸ்டாண்டில் பழைய சைக்கிள்கள் கேட்பாரற்று நின்றன. தவணையில் மோட்டார் பைக் வாங்கியவர்கள் சைக்கிளை விட்டுப் போய்விட்டார்கள். சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டேன், எடுத்துக்கோயேன் என்று எல்லாருமே சந்தோஷமாகக் கைகழுவினார்கள். மாமாவின் பள்ளிக்கூடத்துக்கு உள்கிராமங்களிலிருந்து நடந்தே வரும் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுப்பது என் திட்டம். லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால் அது சரக்கு. மாமா தினமும் போன வழியிலேயே ஆளுக்கொரு சைக்கிளாக மிதித்துக்கொண்டு போய் அங்கே விட்டுவிட்டு வந்தால் அது மரியாதை. முதலாம் ஆண்டு நினைவு சைக்கிள் பயணம். நினைக்கும்போதே எனக்குப் புல்லரித்தது.

டீக்கடை, சலூன், ஸ்டேஷன் படிக்கட்டு என்று எங்கும் நோட்டீஸ் கொடுத்தேன். அக்காவிடம் போய், குறைந்தது நூறு பேர் வருவார்கள் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் பஸ்ல முன்னாடியே போயி கிரவுண்டுல உக்காந்திருக்கேன். கூட்டமா வந்தீங்கன்னா பாக்கறேன். போன தடவை மாதிரி நாலு பேர் வர்றதா இருந்தா, என் கண்ணுல படாம அப்படியே திரும்பிப் போயிடுங்க. இன்னொரு தடவை என்னால அதைப் பாக்க முடியாது."

விளையாட்டாகச் சொல்லவில்லை.

பயணத்தைத் தொடங்கி வைக்க மாமாவின் விசிலைக் கேட்டேன். அது இன்னொருத்தர் வாயில் போகக் கூடாது என்று கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். சரி, வேறு ஏதாவது சத்தம் வேண்டுமே என்று டில்லியிடம் சொன்னேன். தீபாவளிக்கு வாங்கி மழையில் வெடிக்க முடியாமல் போன சரவெடி தன்னிடம் இருக்கிறது என்றான். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

டில்லியிடம் ஒரு குட்டியானை இருந்தது. அதாவது, அப்போது புதிதாக வந்து ஊரெல்லாம் ஓடிய சின்னச் சரக்கு வண்டி. தண்ணீர், பஞ்சர் சாமான், மைக்செட் எல்லாம் அதில். மைக்கில் போட மாமாவுக்குப் பிடித்த பாட்டுகளை கேசட்டில் பதிந்திருந்தேன். மாமாவுக்குப் பிடித்தவை பூராவும் பழைய தத்துவப் பாட்டுகள், வாழ்க்கை நிலையில்லை என்று சொல்கிற வகை. அந்தப் பாட்டுகள் எந்த மாதிரி வீட்டு வாசலில் விடிய விடிய ஒலிக்கும் என்று தமிழ்நாட்டில் பிறந்த கைக்குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தோன்றவில்லை.

வண்டிக்கு முன்னால் கட்ட ஒரு பேனர் அடித்தேன். மாமா போட்டோ பெரிதாக, மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி', அதன் கீழே 'முதலாம் ஆண்டு நினைவு சைக்கிள் பயணம்', ஓரத்தில் ஒரு கண், கண்ணிலிருந்து ஒரு சொட்டு. சொட்டு என்றால் ஒரு குடம் பிடிக்கும். இந்தக் கண் எதற்கு என்று கடைக்காரரைக் கேட்டேன். இறந்தவர்களுக்கான டிசைனில் அது கூடவே வரும், எடுத்தால் அந்த இடம் மொட்டையாகத் தெரியும் என்றார். மொட்டை என்ற சொல் என்னைத் தொட்டுவிட்டது. (முந்தின வாரம்தான் திருப்பதிக்குப் போய் முடி இறக்கிவிட்டு வந்திருந்தேன்.) கண் இருக்கட்டும் என்றுவிட்டேன்.

மார்க்கெட்டில் பூக்கடை செல்வியக்கா, மாலை யாருக்கு என்று மட்டும் கேட்டார். இறந்தவருக்கு என்றேன். பெயரைச் சொன்னதும், தன் மகனையும் மாஸ்டர் ஓட வைத்திருக்கிறார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டி முழுவதையும் தானே ஜோடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். "பூவுக்கு நல்லது கெட்டது தெரியாதுப்பா, கட்டற கைக்குத்தான் தெரியும்" என்றார். எவ்வளவு அழகான பேச்சு என்று அதை நெஞ்சில் குறித்துக்கொண்டேனே தவிர, அந்தக் கை எதைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. ஜனம் வரவில்லை.

ஸ்டாண்டு வாடிக்கையாளர்கள் சிலர், கல்லூரி விடுதியிலிருந்து மூன்று பேர், எதிர்வீட்டு ஆடிட்டர் ஒருவர். எல்லாரையும் சேர்த்தாலும் ஒரு டஜனைத் தாண்டவில்லை. நான் சொல்லியிருந்தபடி வெள்ளைச் சட்டை போட்டு, அதில் கறுப்பு ரிப்பன் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். (ரிப்பன் என் யோசனை. டிவியில் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன்.)

"இன்னா மச்சான், நூறு பேருன்ன? கேரம் போர்டு டீம் அளவுக்குத்தான் கீது," என்றான் டில்லி.

ஓட்ட ஆளில்லாத சைக்கிள்களை குட்டியானையில் படுக்கப்போட்டு அடுக்கினோம். முந்தின நாள்தான் பெயின்ட் அடித்தது, சரியாகக் காயவில்லை. கேளம்பாக்கம் ரோட்டில் கல்குவாரி லாரிகள் கிளப்பும் புழுதி ஒட்டிவிடுமே என்று, பந்தல் கடையில் வாங்கிய ஒரு நீளமான வெள்ளைத் துணியால் இழுத்துப் போர்த்தினோம். அதற்கு மேலே செல்வியக்காவின் பூ ஜோடனை. முன்னால் பேனர். பேனரின் மேல் ஆளுயர மாலை. அந்த மாலை மிகச் சரியாக 'முதலாம் ஆண்டு நினைவு சைக்கிள் பயணம்' என்ற வரியின் மேல் விழுந்து, அந்த வரியை மட்டும் மூடிக்கொண்டது. கண்ணையோ சொட்டையோ அது மூடவில்லை.

சரவெடி வெடித்தது. பாட்டு ஆரம்பித்தது. மாமாவின் பழைய சைக்கிளில் ஏறி வண்டிக்கு முன்னால் நான் போனேன். சைக்கிள்களெல்லாம் கிழடு, ஓட்டுகிறவர்களும் அப்படித்தான். ஆகவே ஊர்வலம் நடக்கிற வேகத்தில் நகர்ந்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் அன்றைக்கு நான் கண்ட மரியாதையை என் ஆயுசில் இன்னொரு முறை காணப்போவதில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்கவில்லை. டீக்கடைக்காரர்கள் எங்களைக் கண்டதும் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். நடந்து போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டார்கள். பெருங்களத்தூரில் ஒரு அம்மா, நாங்கள் கடந்ததும் வாசலில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். நமக்காகப் புழுதியை அடக்குகிறாரே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். தர்ம காரியம் என்றால் நம் ஜனங்களுக்குத்தான் எவ்வளவு மரியாதை என்று எனக்கு நெஞ்சு விம்மியது. வழி நெடுக எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன், கையசைத்தேன். ஒருவர்கூடத் திருப்பி அசைக்கவில்லை. (மொட்டை போட்டுக்கொண்டு, சவ ஊர்வலத்துக்கு முன்னால் பல்லைக் காட்டிக் கையாட்டியபடி போகிறவனுக்கு யார்தான் கையசைப்பார்கள்?)

வண்டலூர் முனையில் ஒரு போலீஸ்காரர் நான்கு பக்கமும் வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார். தொப்பியைக்கூட எடுத்துவிட்டார். நன்றி சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். என் தோளில் கை வைத்தார்.

"எந்தச் சுடுகாடுப்பா?"

"சுடுகாடு இல்ல சார், ஸ்கூலுக்குப் போறோம்."

"ஸ்கூலுக்கா?" அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஸ்கூல்ல வச்சு என்னப்பா பண்ணப் போறீங்க?"

அப்போதுதான் முதல்முறையாக நானும் திரும்பி எங்கள் ஊர்வலத்தைப் பார்த்தேன். வெள்ளைத் துணி. அதன் கீழே நீளமாக, கரடுமுரடாக ஏதோ ஒன்று. மேலே பூ. முன்னால் மாமா, கண், சொட்டு. வாழ்க்கை நிலையில்லை என்று மைக் சொல்லிக்கொண்டிருந்தது. வண்டிக்குப் பின்னால் என் டஜன் பேர். அவர்களுக்குப் பின்னால் மொபெட்டுகள், பைக்குகள், ஒரு ஷேர் ஆட்டோ, நடந்து வருகிற ஜனம். அத்தனை பேரும் தலை குனிந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர் அழுதுகொண்டிருந்தார்.

மாமா இறந்தது பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். இந்த வழி நெடுக இருந்தவர்களுக்குத் தெரியாது. தினமும் சைக்கிளில் போன மாஸ்டரை ஒரு வருஷமாகக் காணோம் என்றதும், மாற்றலாகிவிட்டார் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். இப்போது பேனரைப் பார்த்ததும் போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார்கள். நான் அழைத்த நூறு பேர் வரவில்லை. அழைக்காதவர்கள், கேள்விப்பட்டதும் வந்துவிட்டார்கள்.

டில்லியிடம் ஓடி, மைக்கில் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"மச்சான், இத்தினி பேரு அய்துகினு வரான். இப்ப போயி இது சாவு இல்லன்னு சொன்னன்னு வையி, நெசமாவே ஒரு சாவு வுழும். அது உன்துதான்."

பாட்டை நிறுத்தினேன். நிறுத்தியதும் அழுகை நன்றாகக் கேட்டது. மறுபடி பாட்டைப் போட்டேன். அழுதுகொண்டிருந்தவரிடம் தனியாகப் போனேன். மாமாவின் பழைய மாணவர், இப்போது குவாரி லாரி ஓட்டுகிறார். அண்ணே, அவர் போன வருஷமே போயிட்டாரு என்று ஆரம்பித்தேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஆமாம், போன வருஷமே அவர் முகத்தில் களை இல்லை, நான்தான் கவனிக்கவில்லை என்று இன்னும் அதிகமாக அழுதார்.

இனி ஒரே வழி, முன்னால் பறந்து போய் அக்காவிடம் நானே விஷயத்தைச் சொல்லிவிடுவது. கூட்டம் வேண்டும் என்று கேட்டவளுக்கு நான் அவள் புருஷனை இரண்டாம் தடவை சாகடித்துக் கொண்டு வருகிறேன். அவள் இதை எப்படித் தாங்குவாள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. எழுந்து நின்று மிதித்தேன். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, இரண்டு பேர் ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்கள். மொட்டை போட்டவன் முன்னால் ஓடக் கூடாதாம். உன் துக்கம் எங்களுக்குப் புரிகிறது, தைரியமாக இரு என்று என்னைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்தார்கள். மாமாவின் சைக்கிளை ஒருவர் எனக்குப் பின்னால் குழந்தையை நடத்திக் கூட்டி வருவதுபோல் உருட்டிக்கொண்டு வந்தார்.

மாம்பாக்கம் வருவதற்குள் வண்டி தெரியாத அளவுக்கு மாலை விழுந்துவிட்டது. அங்கே ஒரு மேள செட் சேர்ந்துகொண்டது. அடிக்கிற நாலு பேரில் மூன்று பேர் மாஸ்டரிடம் ஓடியவர்கள், காசு பேசவே விடவில்லை. அடி தூள் பறந்தது. சில பேர் ஆட ஆரம்பித்தார்கள். ஆடிட்டரும் ஆடினார். இது எதற்கு என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் ஆடினார். பிறகு கேட்டதற்கு, அந்த அடிக்குக் கால் தானாகப் போயிற்று என்றார்.

ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, கால்மாட்டில் வந்து நின்றார். காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்பதற்குள் துணிக்குள் கையை விட்டுவிட்டார். கையில் அகப்பட்டது ஒரு பெடல். ஒரு நிமிஷம் அதைப் பிடித்தபடியே நின்றார். கண்களை ஒற்றிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "பாவம், நல்லா வெறச்சிப் போச்சுப்பா. சீக்கிரம் எடுத்துடுங்க."

டில்லி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. பார்த்தவர்கள் அவனுக்கும் ஆறுதல் சொன்னார்கள்.

பள்ளிக்கூட மைதானத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது அக்கா மரத்தடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சைக்கிளுக்காகக் காத்திருந்த பிள்ளைகள், வாத்தியார்கள். மேளச் சத்தம் கேட்டு எழுந்தாள். புழுதி, மேளம், மாலைக் குவியல், வெள்ளைத் துணி, அலையலையாக ஜனம். வழியில் யாரோ செத்துவிட்டார்கள் என்று அவள் பதறி என்னைத் தேடியிருக்கிறாள். இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்த என் மொட்டையைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்ததாம். (அந்த மொட்டையால் அன்றைக்கு நடந்த ஒரே நல்லது இதுதான்.)

மைதானம் முழுக்க ஒரே இரைச்சல். நான் அவளிடம் போய், அக்கா, நான் ஒன்னும் பண்ணலக்கா, தானா நடந்துபோச்சு என்று உளறினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகப் பார்த்தாள். போன வருஷம் வாசலைப் பார்த்த அதே கண்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு மீன்காரம்மா முன்னால் வந்தார். கன்னியம்மா என்று பெயர். கோவளத்திலிருந்து கூடை சுமந்து உள்கிராமங்களில் மீன் விற்கிறவர், வழியில் சேர்ந்துகொண்டவர். வண்டிக்கு எதிரில் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து ராகம் போட்டு அழ ஆரம்பித்தார். தலை நோகுமேன்னு என் கூடையை உன் கேரியர்ல வச்சுகினு வந்தியே, சட்டையெல்லாம் மீன் தண்ணி ஒழுகியும் ஒருநாள் மூஞ்சி சுளிக்கலியே ராசா என்று அவர் அழ அழ, அக்காவின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"கடல் காத்து," என்றாள் மெதுவாக. யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு கைப்பையின் ஜிப்பை இழுத்தாள். விசிலை எடுத்தாள். வாயில் வைத்து, மாமா வாசலில் இறங்கி ஊதுவாரே, அதே மாதிரி ஓர் ஊது ஊதினாள்.

மேளம் நின்றது. அழுகை நின்றது. அதற்குப் பிறகு நடந்ததை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். லாரி டிரைவர்கள், மேளக்காரர்கள், கடைக்காரர்கள், பிள்ளை பெற்றவர்கள், தொப்பை வைத்தவர்கள் என்று அவரிடம் படித்த அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே உயரப்படி வரிசையில் போய் நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை. வரிசையின் கடைசியில் ஆடிட்டரும் நின்றார்.

அந்த நிசப்தத்தில் கன்னியம்மா மூக்கைச் சிந்திவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"எப்பம்மா தவறினாரு?"

"போன வருஷம். மழையில."

கன்னியம்மா வண்டியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், மேளத்தைப் பார்த்தார். "அப்போ இது இன்னாம்மா?"

"அவர் போன வருஷமே போயிட்டாரும்மா," என்றாள் அக்கா. "ஊர்வலம்தான் இப்ப வருது."

முதலில் சிரித்தது அக்காதான். ஒரு வருஷமாக மறந்துபோன காரியத்தைச் செய்வதுபோல் திக்கித் திக்கிச் சிரித்தாள். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வரிசை குலைந்தது. டில்லி வண்டியின் துணியை உருவினான். உள்ளே பளபளவென்று சைக்கிள்கள். பெடலைத் தொட்டுக் கும்பிட்ட பெரியவர் கிட்டே போய், தான் பிடித்த பெடல் எது என்று தேடினார். என்னை அடிப்பார்கள் என்று நான் ஓடத் தயாராக நின்றேன். அடிக்கவில்லை. குவாரி டிரைவர் மட்டும் வந்து என் மொட்டையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். அவருக்குக் கை கனம். சாயங்காலம்வரை காதுக்குள் மேளம் கேட்டது.

மேளக்காரர்கள் அடியை மாற்றினார்கள். பிள்ளைகள் சைக்கிளில் ஏறி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. சரியாகக் காயாத பெயின்ட் எல்லாருடைய வெள்ளைச் சட்டையிலும் ஒட்டியது. அக்கா கூட்டத்துக்குள் போய் ஒவ்வொருவராகப் பேசினாள். மாமா அவளிடம் சொல்லாத கதையெல்லாம் அவர்களிடம் இருந்தது. கன்னியம்மா கூடையிலிருந்த மீனை அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் குழம்பிலும் மீன் வாடை இருந்தது.

சைக்கிள்களை எல்லாம் கொடுத்தாயிற்றே, எப்படித் திரும்புவது என்று நான் யோசித்திருக்கவில்லை. (நான் யோசிக்காத பட்டியலில் இது கடைசி.) மாமாவின் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு எல்லாரும் குட்டியானையிலேயே, மாலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து திரும்பினோம். வண்டலூர் முனையில் அதே போலீஸ்காரர். எங்களை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தார்.

"எல்லாம் முடிஞ்சுதாம்மா?" என்று அக்காவிடம் பரிவாகக் கேட்டார்.

"நல்லபடியா முடிஞ்சுது சார்," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அதையும் அழுகை என்றே நினைத்து வழிவிட்டார்.

அந்த நாளுக்குப் பிறகு அக்கா, ஒருத்தர்கூட வரலையே என்று சொன்னதே இல்லை. அதற்குப் பதிலாக எங்கள் குடும்பத்தில் வேறொரு பேச்சு வந்துவிட்டது. ரயில் தாமதமா, கேஸ் சிலிண்டர் வரவில்லையா, தம்பி முறைப் பையனுக்கு வயதாகியும் பெண் அமையவில்லையா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "மாமா ஊர்வலம் மாதிரி. லேட்டாகும், ஆனா வரும்." ஊர்ப் பேச்சையெல்லாம் பொறுக்கித் திரிந்த நான் ஊருக்குத் திருப்பிக் கொடுத்தது இந்த ஒன்றுதான். தாம்பரம் மார்க்கெட்டில் என்னைத் தெரியாத ஒருவர் இதைச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

அதன் பிறகு சில வருஷம் கழித்துத்தான் என் கல்யாணம். கடைசி வரிசை இலைகள் காலியாகக் கிடந்ததைச் சொன்னேன் அல்லவா? மாலையும் கழுத்துமாக நான் அந்தக் காலி இலைகளைப் பார்த்துக்கொண்டு முகம் தொங்கி நின்றேன். அக்கா பாயசச் செம்போடு பக்கத்தில் வந்தாள். இலைகளை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள்.

"விடு பாபு," என்றாள். "அடுத்த வருஷம் வருவாங்க."